தொண்ணூற்றாறு கையெழுத்து

எங்கள் வீட்டுச் சமையலறைச் சன்னலைத் திறந்தால் ஆங்கிலம் கேட்கும். நடுவில் மூன்றடிச் சந்து. அந்தப் பக்கம் முதல் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கும் என்பார் எங்கள் வீட்டுக்காரர். நான் பொத்திப் பார்த்ததில்லை.

வகுப்பை நடத்தியவரை டைரக்டர் என்று சொல்ல வேண்டும். சினிமா எடுத்தவர் இல்லை, தனக்குத்தானே வைத்துக்கொண்ட பட்டம். பலகையில் பெயருக்குப் பின்னால் எம்.ஏ. என்று வேறு இருக்கும். ஆங்கிலத்தில் அவருக்கு 'நோ ப்ராப்ளம்', 'வெரி குட்', 'கம் டுமாரோ' என்று மூன்று வாக்கியங்கள் சரளமாக வரும். கண்ணாடிக் கதவு போட்ட முன்னறையில் உட்கார்ந்து அவற்றை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். உள்ளே பன்னிரண்டு வருஷமாகப் பாடம் எடுத்தது அவருடைய தங்கை. அவளை எல்லோரும் டீச்சர் என்போம். அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருந்தாள். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

டீச்சரின் கெட்டிக்காரத்தனம் வால் வைத்த வினைச்சொற்களில். 'கிவ்' என்றால் கொடு. அது எங்கள் வீட்டுக்காரருக்கே தெரியும். அதன் வாலில் 'அப்' ஒட்டினால் ஒரு பொருள், 'இன்' ஒட்டினால் இன்னொரு பொருள். கேட்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

"ரெண்டுமே தோத்துப்போறதுதானே மிஸ்?" என்று ஒருநாள் லிஃப்ட் மெக்கானிக் கேட்டான்.

"இல்ல. கிவ் இன்னுக்கு எதிர்ல ஒருத்தர் நிக்கணும். அவர் தள்ளத் தள்ள, கடைசியில சரின்னு விட்டுக்குடுக்கறது. கிவ் அப்புக்கு ஆளே வேணாம். வீட்டுல தனியா உக்காந்தே செய்யலாம்."

"அப்ப நான் சிகரெட்டை விட்டது?"

"எப்ப விட்டீங்க?"

"விடல மிஸ். விட்டா."

"நீங்களா விட்டா கிவ் அப். உங்க சம்சாரத்துக்குப் பயந்து விட்டா கிவ் இன்."

வகுப்பே சிரித்தது. சன்னலுக்கு இந்தப் பக்கம் நானும் சிரித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

அவளிடம் இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, எடுத்துக்காட்டு நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும். "பொய்யா ஒரு வாக்கியம் சொன்னா காலையில மறந்துடும். பக்கத்து வீட்டுல நடந்ததைச் சொன்னா சாகற வரைக்கும் மறக்காது" என்பாள். இரண்டு, அவள் விரலைத் தூக்கினால் மொத்த வகுப்பும் எழுந்து நின்று, வாக்கியத்தை ஆங்கிலத்தில் படித்து, உடனே தமிழில் கத்த வேண்டும். தெருவுக்குக் கேட்காவிட்டால் மறுபடியும் கத்த வேண்டும். முணுமுணுப்பவன் பேசக் கற்றுக்கொள்ள மாட்டான் என்பது அவள் கட்சி.

நிஜமாக நடந்ததற்கு அவள் எங்கே போவாள்? மூன்றடி தாண்டி என்னிடம்தான் வருவாள். போட்டோ ஸ்டூடியோக்காரர் மகள் கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டார் மூன்று தடவை தள்ளிப்போட்டார்கள். அது புட் ஆஃப். நாலாவது தடவை மகளே 'வேண்டாம்' என்று நிறுத்திவிட்டாள். அது கால் ஆஃப். என் ஏணியை இரவல் வாங்கிப் போன தையற்காரரிடமிருந்து ஏழு மாதம் கழித்து அது திரும்பி வந்தது, கெட் பேக். அதற்குள் நான் அவர் கடைக்குப் போகவிருந்த நாலு பேரைத் தடுத்துவிட்டேன். கெட் பேக் அட், அதாவது பழிவாங்கல். ஏணி வந்த பிறகும் இரண்டு பேரைத் தடுத்தேன். அதற்குத் தனிச் சொல் இல்லையாம்.

"ஒரு 'அட்' சேந்தா போன பொருள் திரும்ப வராதுக்கா. ஆனா தூக்கம் வரும்" என்றாள் டீச்சர், அதை எழுதிக்கொண்டே.

இப்படிச் சேர்த்துச் சேர்த்து நீளநோட்டில் முந்நூறு ஜோடி எழுதி வைத்திருந்தாள். பழுப்பு அட்டை, மூலைகளில் துணி ஒட்டியிருக்கும். அதை என்றைக்காவது புத்தகமாகப் போட வேண்டும், அட்டையில் தன் பெயர் வர வேண்டும் என்பது அவளுக்கு இருந்த ஒரே ஆசை. புடவை நகை என்று அவள் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை, நானே கிளறிப் பார்த்தும்.

ஒருநாள் டைரக்டர் "டைப் அடிக்கக் குடு" என்று நோட்டை வாங்கிப் போனார். பதினைந்தாம் நாள், எங்கள் கட்டடத்துக் கீழ்த்தளத்தில் இருக்கும் அச்சகத்துக்கு நான் முகவரிச் சீட்டு அடிக்கப் போனேன். முகவரிச் சீட்டு ஒரு சாக்கு. மேசையில் புத்தக அட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. 'ஒரு சொல் ஒட்டினால்' என்று தலைப்பு. கீழே கன்னத்தில் கை வைத்த டைரக்டர். அச்சகக்காரரின் மூக்குக்கண்ணாடியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அதற்கும் கீழே அவர் பெயர், எம்.ஏ. வேறு பெயரே இல்லை. அட்டையைத் திருப்பியும் பார்த்தேன்.

"என்னக்கா தேடறீங்க?" என்றார் அச்சகக்காரர்.

"எழுதினவங்க பேரை."

"இதோ இருக்கே, இம்மாம் பெருசா."

நான் படியேறவில்லை, பறந்தேன். டீச்சரிடம் சொன்ன பிறகுதான் மூச்சு விட்டேன். அன்று மாலை கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நடந்தது எல்லாம் என் சன்னலில் விழுந்தது.

"நீ எழுதினா என்ன, நான் எழுதினா என்ன? ஒரே குடும்பம்" என்றார் அண்ணன். "உன் பேரைப் போட்டா யாரு சீந்துவா? ஒரு டைரக்டர் பேரு இருந்தாத்தான் எடுப்பாங்க. அப்புறம் இன்னொண்ணு. அடுத்த மாசத்துலேர்ந்து ஒரு தம்பி வரான். கோட்டு சூட்டெல்லாம் போடறவன். வகுப்பை அவன் பாத்துப்பான். நீ வீட்டுல அண்ணிக்கு ஒத்தாசையா இரு."

"பன்னெண்டு வருஷம்ணா."

"அதான் ரெஸ்ட் எடுன்றேன்."

அண்ணி அந்த நேரம் பார்த்துக் காபி கொண்டுவந்தாள். "பன்னெண்டு வருஷமா நாங்க சோறு போட்டதை யாரு நோட்டுல எழுதி வெச்சா?" என்று ஒரு சொட்டு விஷத்தையும் கலந்து வைத்துவிட்டுப் போனாள். அந்த அம்மாள் காபியில் சர்க்கரை போட மறந்தாலும் அதை மறக்க மாட்டாள். டீச்சர் கிவ் இன் செய்தாளா கிவ் அப் செய்தாளா என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியவில்லை. கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆனால் அச்சு வேலையில் ஒரு சிக்கல் உண்டு. அடித்த பக்கங்களை யாராவது படித்துப் பிழை திருத்த வேண்டும். டைரக்டருக்கு அந்த மூன்று வாக்கியங்களுக்கு மேல் போகாது. கோட்டுத் தம்பி வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. மறுநாளே பக்கக் கட்டைத் தங்கை முன்னால் வைத்தார்.

"ஒரு தப்பு இருக்கக் கூடாது, சொல்லிட்டேன். அப்படியே என் பேர்ல ஒரு முன்னுரையும் எழுதிடு. கொஞ்சம் உருக்கமா."

"ஒரு தப்பையும் விட மாட்டேண்ணா" என்றாள் டீச்சர்.

வீட்டில் இடமில்லை என்று எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை. சிவப்புப் பேனா, அளவுகோல், நான். முதல் நாள் ஒழுங்காகத்தான் திருத்தினாள். முன்னுரையில் மட்டும் கடைசிப் பக்கத்தில் தன் பெயரைச் சின்ன எழுத்தில் நன்றி என்று சேர்க்கலாமா வேண்டாமா என்று எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தாள். அவ்வளவுதான் அவள் கோபம். எனக்கே சலிப்பாகிவிட்டது.

"இதுக்குப் போயி இவ்வளவு யோசிக்கறியே. உங்கண்ணன் உனக்குப் பண்ணதுக்கு நானா இருந்தா..." என்று ஆரம்பித்தேன். என் வாய் ஒரு சரிவில் விட்ட வண்டி. "அந்த நூலகத்துக்காரர் சம்பந்தத்தைக் கெடுத்ததுக்கே நீ அன்னிக்கே கேட்டிருக்கணும்."

சிவப்புப் பேனா நின்றது.

"எந்த நூலகத்துக்காரர்?"

அப்போதுதான் தெரிந்தது, அவளுக்குத் தெரியாது என்று. எட்டு வருஷத்துக்கு முந்தின கதை. அவளிடம் படிக்க வந்தவர், நூலகத்தில் வேலை, அதிர்ந்து பேசாத மனுஷன். அவருடைய அம்மா முறைப்படி பெண் கேட்டு வந்தாள். தங்கை போனால் வகுப்பு போய்விடும் என்று டைரக்டர், 'அவளுக்கே இஷ்டம் இல்லை' என்று அனுப்பிவிட்டார். அந்த அம்மாள் இறங்கிப் போகும்போது எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். ஆகவே எனக்குத் தெரியும். தெருவில் ஒரு பூனை குட்டி போட்டாலும் நாலு வீட்டுக்குச் சொல்லும் நான், இதை மட்டும் சொல்லவில்லை.

"நீயே வேணாம்னு சொன்னதா உங்கண்ணன் சொன்னாரும்மா. நான் அதை நம்பிட்டேன்" என்றேன். அது முக்கால் உண்மை.

டீச்சர் அழுவாள் என்று முந்தானையைக் கூடத் தயாராக வைத்தேன். அவள் பக்கக் கட்டைப் புரட்டி ஒரு பக்கத்தை எடுத்தாள்.

"அந்தம்மாவை உள்ள உக்கார வெச்சுப் பேசினாங்களா, வாசல்லயே அனுப்பினாங்களா?"

"எதுக்கும்மா இப்ப அது?"

"வந்த சம்பந்தத்தை வேணாம்னா டர்ன் டவுன். வந்த ஆளையே உள்ள விடாம அனுப்பினா டர்ன் அவே. எது?"

"சம்பந்தம் வேணாம்னும் சொல்லிட்டாரு. வாசலோடயும் அனுப்பிட்டாரு. ஒரு வாய் தண்ணி குடுக்கல."

"அப்ப ரெண்டும்" என்று சொல்லி, பழைய எடுத்துக்காட்டின் மேல் அளவுகோலை வைத்து ஒரே கோடாக அடித்தாள்.

அதற்குப் பிறகு மூன்று மதியங்கள் அந்த மேசையில் நடந்ததைப் பிழைதிருத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முந்நூறு ஜோடிகளுக்கும் விளக்கத்தைத் தொடவில்லை. எடுத்துக்காட்டுகளை மட்டும் மாற்றினாள். ஸ்டூடியோக்காரரும் தையற்காரரும் வெளியே போனார்கள். அண்ணன் உள்ளே வந்தார். எல்லா வாக்கியமும் 'நான்' என்று தொடங்கியது. சந்தேகம் வந்தால் என்னைக் கேட்பாள். ஆள், நாள், கிழமை எல்லாம் நான் கொடுத்தேன். உறுதியில்லாத ஒன்றிரண்டை அவளே வேண்டாம் என்று தள்ளினாள். "நடக்காதது ஒண்ணு கூட வேணாம்கா. நடந்ததே போதும்."

முன்னுரையை மட்டும் தமிழில் எழுதினாள், மற்றதெல்லாம் ஆங்கிலம். 'இந்நூலில் உள்ள எடுத்துக்காட்டுகள் அனைத்தும் கற்பனை அல்ல. என் சொந்த வாழ்வில் நான் செய்த செயல்களே' என்று முடித்திருந்தாள். அதைப் படித்த டைரக்டருக்குக் கண் கலங்கிவிட்டதாம். மாபெரும் மனிதர்கள் இப்படித்தான் எழுதுவார்கள் என்றாராம் அண்ணியிடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுதியவர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடாமல் எங்கள் அச்சகக்காரர் மெஷினை ஓட்ட மாட்டார். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளைக்குப் பதிலாக மாப்பிள்ளையின் அண்ணன் பெயர் விழுந்து, இரண்டு வீட்டாரும் சேர்ந்து அவரைத் தேடி வந்ததிலிருந்து இந்தப் பழக்கம். டைரக்டர் புதுப் பேனா வாங்கிக்கொண்டு வந்து, கால்மேல் கால் போட்டு, தொண்ணூற்றாறு பக்கத்திலும் கையெழுத்திட்டார். ஒவ்வொன்றுக்கும் அடியில் இரண்டு புள்ளி. ஒரு பக்கத்தையும் படிக்கவில்லை. படித்தாலும் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரிந்திருக்கும்.

வெளியீட்டு விழா கட்டடத்து மொட்டை மாடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு. பிளாஸ்டிக் நாற்காலிகள் நூறு. கீச்சிடும் மைக் ஒன்று. பழைய மாணவர்கள், புது மாணவர்கள், தெருக்காரர்கள், அண்ணியின் பிறந்தவீட்டு ஜனம் எல்லோரும் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு புத்தகம் கையில். கட்டட சங்கத் தலைவர் தலைமை. டீச்சர் கடைசி வரிசையில், என் பக்கத்தில்.

டைரக்டர் முன்னுரையைத் தானே படித்தார். 'என் சொந்த வாழ்வில் நான் செய்த செயல்களே' என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது. நல்ல கைதட்டல். அண்ணியின் தம்பி விசிலடித்தான்.

தலைவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சார், ஒரு பக்கம் படிச்சு விளக்குங்களேன். நாங்களும் தெரிஞ்சுக்கறோம்."

டைரக்டர் புத்தகத்தைத் திறந்தார். எறும்புகளைப் பார்த்தார். "நோ ப்ராப்ளம்! நான் படிச்சா என்ன பெருமை? நம்ம ஸ்டூடண்ட்ஸ் படிப்பாங்க" என்று கையை வீசினார்.

டீச்சர் எழுந்தாள். "பக்கம் பன்னெண்டு" என்றாள். விரலைத் தூக்கினாள்.

நாற்பது பேர் சடாரென்று எழுந்தார்கள். ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடியது. டைரக்டர் தலையாட்டி ரசித்தார். "வெரி குட்!" உடனே தமிழ் வந்தது.

"டிராப் இன்! கல்லூரிக்கு நான் அவ்வப்போது எட்டிப் பார்த்தேன்! டிராப் அவுட்! பிறகு பாதியிலேயே நின்றுவிட்டேன்!"

யாரோ 'களுக்' என்றார்கள். எல்லோரும் அட்டையில் இருந்த எம்.ஏ.வைப் பார்த்தார்கள். டைரக்டரின் தலை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது, நிறுத்த மறந்துவிட்டார்.

"பக்கம் நாப்பது."

"பாஸ் ஆஃப்! தங்கை எழுதிய புத்தகத்தை என்னுடையது என்று காட்டிக்கொண்டேன்! பாஸ் ஓவர்! அவளை ஒதுக்கிவிட்டு நேற்று வந்தவனுக்கு வகுப்பைக் கொடுத்தேன்!"

இப்போது வாய்விட்டே சிரிப்பு. அண்ணி மேடைப் பக்கம் பாய்ந்து மைக்கைப் பிடுங்கினாள். மைக் எதற்கு அந்தத் தொண்டைகளுக்கு? தெருவுக்குக் கேட்க வேண்டும் என்று பழகியவர்கள்.

"பக்கம் எழுபத்தொண்ணு." டீச்சரின் குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

"டர்ன் டவுன்! என் தங்கைக்கு வந்த நல்ல சம்பந்தத்தை அவளைக் கேட்காமல் மறுத்தேன்! டர்ன் அவே! மாப்பிள்ளையின் தாயை வாசலோடு திருப்பி அனுப்பினேன்! மேக் அப்! அவளே வேண்டாம் என்றாள் என்று கதை கட்டினேன்!"

கடைசி வரியில் பாதிப் பேருக்குக் குரல் எழவில்லை. நர்ஸ் ஒருத்தி புத்தகத்தை மூடிவிட்டு டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

தலைவர் மெல்லக் கேட்டார். "சார், இது நீங்க எழுதினதுதானே?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் பார்த்தேன். நான் எழுதவில்லை என்றால் திருட்டு. நான்தான் எழுதினேன் என்றால் ஒப்புதல். அச்சகக்காரர், தன் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்ற பதற்றத்தில், முன்னால் வந்து, "தொண்ணூத்தாறு பக்கத்துலயும் சார் கையெழுத்து இருக்குங்க, பத்திரமா வெச்சிருக்கேன்" என்றார். பாவம், நல்ல எண்ணம்தான்.

"கம் டுமாரோ" என்றார் டைரக்டர், யாரிடமென்று இல்லாமல்.

அன்று மாலையே இரண்டு பையோடு டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் காலை அண்ணன் வந்தார். சவரம் செய்யவில்லை. நான் காய் நறுக்கும் பலகையோடு கூடத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்; அவர் பார்த்த பார்வைக்கு நான் எழுந்திருக்கவில்லை.

"அந்தப் புக்கை ஊரே வாங்கிட்டுப் போயிடுச்சு" என்றார். "அண்ணி ரூமை விட்டு வெளிய வரல. கோட்டுத் தம்பி வரலைன்னுட்டான். ஒரு வழி சொல்லு."

"நீங்கதானே எழுதினீங்க. நீங்களே சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்தார். "சரி. புதுசா அட்டை போட்டுடலாம். உன் பேரையே போடறேன். உன் பேரு மட்டும், பெருசா. நான் எழுதலைன்னு நாலு பேர் முன்னால ஒத்துக்கறேன். வகுப்பும் உனக்கே. போதுமா?"

நான் கத்தியை வைத்துவிட்டேன். பன்னிரண்டு வருஷமாக அவள் கேட்டதெல்லாம் இதுதான். தட்டில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். வாங்கிக்கோடி என்று கண்ணைக் காட்டினேன்.

டீச்சர் புத்தகத்தை எடுத்தாள். அட்டையில் கன்னத்தில் கை வைத்தவரையும் எதிரில் நிற்பவரையும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"என் பேரைப் போட்டா இது நான் உங்களைப் பத்திச் சொன்ன கோள் ஆயிடும். கல்யாணம் ஆகாதவ வயித்தெரிச்சல்ல எழுதினான்னு அண்ணி நாலு வீட்டுக்குச் சொல்லுவாங்க. ரெண்டு மாசத்துல நீங்க இதுலேர்ந்து வெளிய வந்துடுவீங்க. வேணாம்ணா. உங்க பேர்லயே இருக்கட்டும்."

"உன் புக்குடி அது!"

"இல்லண்ணா. உங்களுது. முன்னுரையில நீங்களே சொல்லியிருக்கீங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். அப்புறம் படியிறங்கினார். பாதிப் படியில் காலடிச் சத்தம் நின்றது. மறுபடி ஏறி வருவார் என்று நினைத்தேன், வரவில்லை.

"பேரைக் குடுக்கறேன்னு வந்தவரை அனுப்பிட்டியே" என்றேன். எனக்கு உண்மையிலேயே மனசு ஆறவில்லை. "இனிமே அதுல உன் பேரு எப்பவும் வராதே."

"வராதுக்கா" என்றாள். புத்தக முதுகை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "ஆனா நேத்து நல்லாத் தூங்கினேன்."

இப்போது வகுப்பு எங்கள் முன்னறையில் நடக்கிறது. டைரக்டரின் கண்ணாடி அறைக்கு நேரெதிர்ச் சுவர். அதே புத்தகம்தான் பாடம். மாதம் ஒரு புது அணி வந்து, பக்கம் பன்னிரண்டிலிருந்து தெருவுக்குக் கேட்கக் கத்துகிறது. அவர் பலகையில் எம்.ஏ.வை மட்டும் வெள்ளையடித்திருக்கிறார். வெயில் அடித்தால் அடியில் தெரிகிறது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். போன வாரம் இருபத்தெட்டுப் பேருக்கு டீ போட்டுக்கொண்டிருந்தபோது, டீச்சரின் குரல் கேட்டது.

"இது புத்தகத்துல இல்லாத புது ஜோடி. எழுதிக்கோங்க." கொஞ்ச நேரம் பேனாக்களின் சத்தம். பிறகு நாற்காலிகள் நகர்ந்தன. அவள் விரல் சமையலறைப் பக்கம்தான் நீண்டிருக்க வேண்டும். எல்லாத் தலைகளும் இந்தப் பக்கம் திரும்பின.

"கீப் ஆன்! பக்கத்து வீட்டுக்காரி ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தாள்! கீப் பேக்! சொல்ல வேண்டியதை மட்டும் எட்டு வருஷம் சொல்லாமல் வைத்திருந்தாள்!"

தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர்ச் சன்னலில் டைரக்டர் எட்டிப் பார்ப்பது தெரிந்தது.

"சரியாக் கேக்கல" என்றாள் டீச்சர். "இன்னொரு தடவை."

நான் டம்ளர்களை எண்ணி அடுக்கத் தொடங்கினேன்.